தோற்ற பிறகு நீளும் கை: சதுரங்க நட்சத்திரங்களும் தோல்வியும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல வருடங்களாகப் பிள்ளைகளுக்கு செஸ் சொல்லிக்கொடுத்து வருகிறேன். வார இறுதிப் போட்டிகளில் மண்டபத்துக்கு வெளியே காத்திருக்கும் அப்பா அம்மாக்களோடு பேசும்போது ஓப்பனிங் (ஆட்டத்தைத் தொடங்கும் முறை) பற்றியோ ரேட்டிங் (ஆட்டத் திறனைக் காட்டும் புள்ளி) பற்றியோ வரும் கேள்விகளைவிட, தோல்வி பற்றி வரும் கேள்விகள்தான் என் மனதில் அதிகம் தங்குகின்றன. அவற்றில் திரும்பத் திரும்ப வருபவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

நார்வேயில் குகேஷிடம் தோற்றதும் கார்ல்சன் மேஜையில் ஓங்கிக் குத்தினாரே, அது அவமரியாதை இல்லையா?

2025 ஜூன் 1, ஸ்டாவங்கரில் நார்வே செஸ் போட்டியின் ஆறாவது சுற்று. ஆட்டத்தின் பெரும்பகுதியில் முன்னாள் உலக சாம்பியன் மேக்னஸ் கார்ல்சன்தான் மேலே இருந்தார். கடிகாரத்தில் நேரம் கரைந்துகொண்டிருந்த கடைசிக் கட்டத்தில் அவர் ஒரு தவறு செய்தார். அப்போது உலக சாம்பியனாக இருந்த 19 வயது குகேஷ் அதை விடாமல் பிடித்துக்கொண்டார். கிளாசிக்கல் (பல மணி நேரம் நீளும்) ஆட்டத்தில் கார்ல்சனை அவர் வென்றது அதுதான் முதல் முறை. இனி மீள வழியில்லை என்று தெரிந்ததும் கார்ல்சனின் முஷ்டி மேஜையில் இறங்கியது, காய்கள் துள்ளின.

பலருடைய செல்போனுக்கு வந்த வீடியோ அந்த இடத்தோடு முடிந்துவிடுகிறது. அடுத்து நடந்ததையும் தேடிப் பாருங்கள். கார்ல்சன் கை கொடுக்கிறார், இரண்டு முறை மன்னிப்புக் கேட்கிறார், கிளம்பும்போது குகேஷின் முதுகில் தட்டிவிட்டுப் போகிறார். குகேஷிடம் பிறகு கேட்டபோது, தானும் எத்தனையோ மேஜைகளைக் குத்தியிருப்பதாகச் சொன்னார். நூறு முறை ஆடினால் 99 முறை தோற்கக்கூடிய நிலை அது, அன்று அதிர்ஷ்டம் தன் பக்கம் இருந்தது என்றும் சொன்னார்.

மேஜையில் குத்தியது தப்புதான். என் வகுப்பில் ஒரு பிள்ளை அப்படிச் செய்தால் கண்டிப்பேன். ஆனால் அந்தக் கோபம் எதிரில் இருந்த பையன்மேல் விழவில்லை. தன்மேல் வந்த கோபத்தை மரத்தில் காட்டினார், அது அடங்குவதற்கு முன்பே எதிராளியின் பக்கம் திரும்பி மன்னிப்பும் கேட்டார். தோற்றவருக்கு வலிக்கத்தான் செய்யும். அந்த வலி யார்மேல் போய் விழுகிறது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். கீழே சொல்லப்போகும் எல்லாவற்றையும் இந்தக் கண்ணோடுதான் எடைபோட்டிருக்கிறேன்.

செஸ் உட்கார்ந்து ஆடும் ஆட்டம்தானே, அதில் தோற்றால் மட்டும் ஏன் இவ்வளவு வலிக்கிறது?

சாய்ந்துகொள்ள ஒரு தூண்கூட இல்லாத ஆட்டம் இது. கிரிக்கெட்டில் டாஸ் இருக்கிறது, ஆடுகளம் இருக்கிறது, கூட ஆடும் பத்துப் பேர் இருக்கிறார்கள். இங்கே பகடைகூடக் கிடையாது. இரண்டு பேருக்கும் ஒரே 16 காய்கள், எல்லாம் கண்முன்னே இருக்கின்றன. மறைந்திருப்பது எதிராளியின் மனதில் ஓடும் கணக்கு மட்டும்தான். தோற்றால் தவறு உங்களுடையது, அது எந்த நகர்த்தலில் நடந்தது என்பதும் உங்களுக்கே தெரியும்.

அதோடு, பெரியவர்களின் ஆட்டம் பெரும்பாலும் ராஜா மாட்டிக்கொள்ளும்வரை போவதில்லை. "நான் தோற்றுவிட்டேன்" என்று தோற்பவரே சொல்லி முடிக்க வேண்டும். வேறு விளையாட்டுகளில் நடுவர் விசிலும் ஸ்கோர்போர்டும் செய்யும் வேலையை இங்கே தோற்றவரின் வாய் செய்கிறது. ஐந்து மணி நேரம் போராடிவிட்டு அந்த வார்த்தையைச் சொல்வது எவ்வளவு கனம் என்பது சொல்லிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

தோல்வியை ஒப்புக்கொள்ள முறை ஏதும் உண்டா?

உண்டு. ரெசைன் என்று சொல்ல வேண்டும், அல்லது கடிகாரத்தை நிறுத்திவிட்டுக் கையை நீட்ட வேண்டும். பிறகு இரண்டு பேரும் ஸ்கோர்ஷீட்டில் (நகர்த்தல்களைக் குறித்துவைக்கும் தாள்) முடிவை எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். பெரிய போட்டிகளின் மின்னணுப் பலகைகளில் இரண்டு ராஜாக்களையும் நடுவே வைப்பார்கள். வெள்ளை ஜெயித்தால் வெள்ளைக் கட்டங்களில், கருப்பு ஜெயித்தால் கருப்புக் கட்டங்களில். ராஜாவைக் கீழே சாய்ப்பதைப் படங்களில் பார்க்கலாம், போட்டி அரங்கில் அபூர்வம்.

கை கொடுக்க மறுத்தால் என்ன ஆகும்?

அது ஆட்டத்தையே பறித்துவிடலாம். 2008 ஜனவரியில் நெதர்லாந்தின் விக் ஆன் ஜீ ஊரில் நடந்த போட்டியில் இங்கிலாந்தின் நைஜல் ஷார்ட் ஆட்டம் தொடங்கும்போது கையை நீட்டினார், பல்கேரியாவின் இவான் செபாரினோவ் பிடிக்கவில்லை. ஷார்ட் ஆட்சேபம் தெரிவித்ததும் ஆர்பிட்டர், அதாவது நடுவர், புள்ளியை அவருக்கே கொடுத்துவிட்டார். மேல்முறையீட்டில், செபாரினோவ் மன்னிப்புக் கேட்டுவிட்டு மறுபடி ஆடலாம் என்று முடிவானது. அந்த ஆட்டத்திலும் ஷார்ட்தான் ஜெயித்தார்.

நான் 17 வயதில் ஒரு உள்ளூர்ப் போட்டியில் தாத்தா வயதுள்ள ஒருவரிடம் தோற்றேன். கை கொடுக்கவில்லை, கையெழுத்தும் போடாமல் எழுந்து வெளியே போய்விட்டேன். அவர் என் ஸ்கோர்ஷீட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு வாசல்வரை வந்து, "தம்பி, இதை விட்டுட்டுப் போயிட்டீங்க" என்று கொடுத்தார். வேறு ஒரு சொல்லும் சொல்லவில்லை. அந்த ஆட்டத்தில் என்ன ஓப்பனிங் ஆடினேன் என்பதுகூட இன்று ஞாபகமில்லை. அந்த வாசல் ஞாபகம் இருக்கிறது.

ஆனந்த் சென்னையிலேயே தோற்றாரே, அதை அவர் எப்படித் தாங்கினார்?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். 2013 நவம்பர், அண்ணா சாலையில் உள்ள ஹயாத் ரீஜென்சி ஹோட்டல். 2007 முதல் உலக சாம்பியனாக இருந்த விஸ்வநாதன் ஆனந்த், தான் வளர்ந்த ஊரில், தன் மக்கள் முன்னால், 22 வயது கார்ல்சனோடு மோதினார். முதல் நான்கு ஆட்டங்கள் டிரா. ஐந்தாவதும் ஆறாவதும் கைவிட்டுப் போயின. ஒன்பதாவது ஆட்டத்தில் எல்லாவற்றையும் பணயம் வைத்து ராஜாவை நோக்கித் தாக்கினார். ஒரே ஒரு குதிரை நகர்த்தல் பிசகியது, அந்த ஆட்டம் அங்கேயே முடிந்தது. பத்தாவது டிரா. மொத்தம் 6½–3½, பட்டம் போனது.

உலக சாம்பியன்ஷிப்பில் ஒவ்வொரு ஆட்டமும் முடிந்த கையோடு தோற்றவரும் ஜெயித்தவரும் ஒரே மேடையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பத்திரிகையாளர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். வேறு எந்த விளையாட்டிலும் தோற்றவரை இவ்வளவு சீக்கிரம், இவ்வளவு அருகில் உட்கார வைத்துக் கேட்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆறாவது ஆட்டத்துக்குப் பிறகு, "முடிந்ததைச் செய்வேன் என்றால் என்ன அர்த்தம்" என்கிற மாதிரி ஒருவர் குடைந்தபோது ஆனந்துக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. முடிந்ததைச் செய்வது என்றால் முடிந்ததைச் செய்வதுதான், உங்களுக்கு ஏன் ஆங்கிலம் புரியவில்லை என்று பதில் கொடுத்தார். எப்போதும் நிதானமாகப் பேசுபவர் என்று நாம் அறிந்த ஆனந்த்துக்கும் அப்படி ஒரு நொடி வந்தது. இதை நான் மறைக்காமல் சொல்வதற்குக் காரணம் உண்டு. பெருந்தன்மை என்றால் முகத்தில் எதுவுமே காட்டாமல் இருப்பது என்று பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது.

கடைசி நாளில் அவர் சொன்னதைத்தான் நான் வகுப்பில் அடிக்கடி எடுத்துச் சொல்வேன். என் தவறுகள் தானாக நடந்துவிடவில்லை, அவர்தான் என்னைத் தவறு செய்ய வைத்தார், பெருமை முழுவதும் அவருக்கே என்ற பொருளில் பேசினார். "நான் மோசமாக ஆடினேன்" என்று மட்டும் சொல்லியிருந்தால் கேட்பதற்கு அடக்கமாக இருந்திருக்கும், ஆனால் ஜெயித்தவரின் பங்கு அதில் காணாமல் போயிருக்கும். ஆனந்த் அதை விட்டுவிடாமல் எடுத்துக் கொடுத்தார்.

அப்புறம் நான்கே மாதத்தில், 2014 மார்ச்சில், காண்டி-மான்சிஸ்கில் நடந்த கேண்டிடேட்ஸ் போட்டியை வென்று அதே கார்ல்சனோடு மோதும் உரிமையைத் திரும்பப் பெற்றார். நவம்பரில் சோச்சியில் மறுபடி தோற்றார். அந்தத் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் கார்ல்சன் ராஜாவைத் தவறான கட்டத்துக்கு நகர்த்தியதை ஆனந்த் கவனிக்கவே இல்லை. எதிர்பாராத பரிசு வரும்போது சில நேரம் அதை எடுத்துக்கொள்ளத் தவறிவிடுகிறோம் என்று அன்று மாலை சொன்னார்.

டிங் லிரன் பட்டத்தை இழந்த அன்று என்ன சொன்னார்?

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலக சாம்பியனான சீனாவின் டிங் லிரனுக்கும் குகேஷுக்கும் நடந்த பட்டப் போட்டியின் 14ஆவது ஆட்டம், அதுவே கடைசி. இருவரும் 6½ புள்ளியில் சமமாக இருந்தார்கள். அன்று டிங்குக்கு வெள்ளைக் காய். குகேஷிடம் ஒரு சிப்பாய் கூடுதலாக இருந்தாலும் ஆட்டம் டிராவை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தது. 55ஆவது நகர்த்தலில் டிங் யானைகளை மாற்றிக்கொள்ள முன்வந்தார். மூலையில் சிக்கியிருந்த தன் மந்திரியும் (பிஷப்) அதோடு சேர்ந்து போய்விடும் என்பதை அவர் பார்க்கவில்லை. எல்லாம் மாறிய பிறகு சிப்பாய்கள் மட்டும் மிஞ்சும், அதில் குகேஷ் ஜெயிப்பார். நேரலையில் குகேஷின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு, பலகையைப் புரிந்துகொள்வதற்கு முன்பே விஷயம் புரிந்துவிட்டது.

டிங் அதே மேடைக்கு வந்து உட்கார்ந்தார். தவறை உணர்ந்தபோது அதிர்ந்துபோனதாகச் சொன்னார். அந்த வருடத்தில் தான் ஆடிய மிகச் சிறந்த போட்டி இது என்றார். முந்தின நாள் 13ஆவது ஆட்டத்தில் அதிர்ஷ்டத்தால்தான் தப்பித்ததாகவும், அதனால் கடைசியில் தோற்றது நியாயமான முடிவு, வருத்தம் இல்லை என்றும் சொன்னார். 2023இல் பட்டம் வென்ற பிறகு மனச்சோர்வோடு நீண்ட நாள் போராடிய மனிதர் அவர். சிங்கப்பூருக்கு வரும் முன் அவர் எளிதாகத் தோற்றுவிடுவார் என்று பலரும் எழுதியிருந்தார்கள். கடைசி ஆட்டம்வரை இழுத்து வந்து, ஒரு நகர்த்தலில் எல்லாவற்றையும் இழந்துவிட்டு, முந்தின நாள் தன் பக்கம் வந்த அதிர்ஷ்டத்தையும் அந்த நேரத்தில் கணக்கில் சேர்த்துச் சொல்ல அவருக்கு மனம் வந்தது. எனக்குத் தெரிந்து இதைவிட நேர்மையான தோல்விப் பேச்சு கிடையாது. அடுத்துப் பேசிய குகேஷ், தன்னைப் பொறுத்தவரை டிங் உண்மையான உலக சாம்பியன் என்றார்.

பேட்டிக்கு வராமல் எழுந்து போய்விட்டால்?

கார்ல்சன் போயிருக்கிறார். 2016 நியூயார்க்கில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் செர்கே கர்யாகினிடம் எட்டாவது ஆட்டத்தில் தோற்ற பிறகு, மேடையில் சிறிது நேரம் காத்திருந்துவிட்டுப் பேட்டி தொடங்கும் முன்பே கிளம்பிவிட்டார். அதற்காகப் பரிசுத் தொகையில் கைவைத்தார்கள். பிறகு அவரே டை-பிரேக்கில் (சமனை முறிக்க ஆடும் குறுகிய நேர ஆட்டங்கள்) ஜெயித்துப் பட்டத்தைக் காப்பாற்றிக்கொண்டார்.

இதில் என் மனம் இரண்டு பக்கமும் போகிறது. தோற்ற ஐந்தாவது நிமிடத்தில் மைக்கை நீட்டுவது கொடுமைதான். ஒரு மணி நேரம் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? ஆனால் ஒருவர் எழுந்து போய்விட்டால், மேடையில் தனியாக உட்கார்ந்திருக்கும் மற்றவரின் நல்ல நாள் பாதியாகிவிடுகிறது. பேட்டியில் ஒரு வரி போதும். "நன்றாக ஆடினார், இப்போது வேறு எதுவும் பேச முடியவில்லை" என்று சொல்லிவிட்டுப் போனால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

எதிராளி ஏமாற்றினார் என்று சந்தேகம் வந்தால் சொல்லக் கூடாதா?

சொல்ல வேண்டும், ஆனால் ஆர்பிட்டரிடம். 2022 செப்டம்பரில் செயின்ட் லூயிஸில் நடந்த சிங்க்ஃபீல்ட் கோப்பையில் 19 வயது ஹான்ஸ் நீமனிடம் கார்ல்சன் தோற்றார். தொடர்ந்து 53 கிளாசிக்கல் ஆட்டங்கள் தோற்காமல் வந்தவர். மறுநாளே போட்டியிலிருந்து விலகினார், பூடகமாக ஒரு பதிவும் போட்டார். சில வாரம் கழித்து, நீமன் ஒப்புக்கொண்டதைவிட அதிகமாக ஏமாற்றியிருக்கிறார் என்று நம்புவதாக வெளிப்படையாகவே எழுதினார். சிறுவயதில் இணைய ஆட்டங்களில் ஏமாற்றியதை நீமன் ஒத்துக்கொண்டிருந்தார். ஆனால் அந்தக் குறிப்பிட்ட ஆட்டத்தில் ஏமாற்றினார் என்பதற்கு ஆதாரம் எதுவும் வரவில்லை. வழக்கு, சமரசம் என்று ஒரு வருடம் ஓடியது. 2023 டிசம்பரில் உலக சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் ஒழுங்குக் குழு, தகுந்த காரணமில்லாமல் விலகியதற்காகக் கார்ல்சனுக்கு 10,000 யூரோ அபராதம் விதித்தது. மற்ற குற்றச்சாட்டுகளிலிருந்து அவரை விடுவித்தது.

மேஜையில் குத்திய சம்பவத்தைவிட இது எனக்குப் பல மடங்கு பெரிய தவறாகப் படுகிறது. இங்கே வலி நேராக எதிராளியின்மேல் போய் விழுந்தது. ஒரு பையன் வாழ்நாளில் பெற்ற மிகப் பெரிய வெற்றியைப் பற்றி இனி யார் பேசினாலும் சந்தேகத்தையும் சேர்த்துத்தான் பேசுவார்கள். கார்ல்சனின் ஆட்டத்தை நான் கொண்டாடுபவன். அதனால்தான் இது இன்னும் உறுத்துகிறது.

தோற்றவர் எதிராளியைப் பாராட்டிய நல்ல உதாரணம் ஒன்று சொல்லுங்கள்.

1972, ரெய்க்யாவிக். உலக சாம்பியன் போரிஸ் ஸ்பாஸ்கி, பாபி ஃபிஷரிடம் ஆறாவது ஆட்டத்தில் தோற்றார். அரங்கம் கைதட்டியது. தோற்ற ஸ்பாஸ்கியும் அவர்களோடு சேர்ந்து கைதட்டினார். அமெரிக்காவும் சோவியத் யூனியனும் முறைத்துக்கொண்டு நின்ற காலத்தில், நாட்டின் மானமே உன் தலையில்தான் என்று சொல்லி அனுப்பப்பட்ட ஒருவர் அப்படிச் செய்தார். என்ன துணிச்சல் வேண்டும், யோசித்துப் பாருங்கள்.

ஜெயித்தவருக்கு ஒழுங்கு எதுவும் கிடையாதா?

நிச்சயம் உண்டு. குகேஷ் ஆட்டம் முடிந்ததும் காய்களை முதலில் இருந்தபடி அடுக்கி வைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். சிங்கப்பூரில் உலக சாம்பியனான நிமிடத்திலும், கண்ணீரைத் துடைத்துக்கொண்டே ஒவ்வொரு காயாக அதன் கட்டத்தில் வைத்தார். 2025 அக்டோபரில் டெக்ஸஸில் நடந்த இந்தியா–அமெரிக்கா காட்சிப் போட்டியில் ஹிகாரு நகமுரா அவரை வென்றதும் குகேஷின் ராஜாவை எடுத்துக் கூட்டத்துக்குள் வீசினார். பார்வையாளர்களை உற்சாகப்படுத்த முன்கூட்டியே பேசி வைத்த நிகழ்ச்சி என்று பிறகு விளக்கம் வந்தது. இருக்கட்டும், எனக்கு அது பிடிக்கவில்லை. குகேஷ் அன்றும் வழக்கம்போல மீதிக் காய்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

என் பிள்ளை தோற்றால் அழுகிறான். விளையாட்டு மனப்பான்மை இல்லையோ?

அழட்டும். 2022 ஆகஸ்டில் மாமல்லபுரம் செஸ் ஒலிம்பியாடில் இந்தியாவின் இரண்டாம் அணிக்காக ஆடிய 16 வயது குகேஷ் முதல் எட்டு ஆட்டங்களையும் வரிசையாக வென்றார். பத்தாவது சுற்றில் உஸ்பெகிஸ்தானின் நோதிர்பெக் அப்துசத்தோரோவோடு ஆடியபோது, கையில் இருந்த ஆட்டத்தை ஒரு பெரிய தவறில் இழந்தார். அந்தத் தோல்வி தங்க வாய்ப்பையும் சேர்த்துக் கொண்டுபோனது. தங்கம் உஸ்பெகிஸ்தானுக்குப் போனது, நம் இரண்டாம் அணிக்கு வெண்கலம். பலகைக்கு முன்னால் முகத்தைக் கைகளில் புதைத்து அவர் உட்கார்ந்திருந்த படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இரண்டு வருடம் கழித்து புடாபெஸ்டில் அதே பையன் இந்தியாவுக்குத் தங்கம் வாங்கிக் கொடுத்த அணியில் முதல் பலகையில் ஆடினார்.

நான் பிள்ளைகளிடம் கேட்பது ஒன்றுதான். கை கொடு, கையெழுத்துப் போடு, காயை அடுக்கு. அதன் பிறகு எங்கே வேண்டுமானாலும் போய் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அழு.

தோற்றுவிட்டு வெளியே வரும் பிள்ளையிடம் முதலில் என்ன பேசுவது?

"சாப்பிடுறியா?" என்று கேளுங்கள். ஆட்டத்தைப் பற்றி எதுவும் வேண்டாம். அடுத்த சுற்று இன்னும் அரை மணி நேரத்தில் இருக்கும், அதற்குள் போன ஆட்டத்தைப் பிரித்துப் போட்டால் அடுத்ததும் போகும்.

ஒரு கேள்வியை மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள். "இவ்வளவு ரேட்டிங் கம்மியா இருக்கிறவன்கிட்டயா தோத்தே?" ஒரு முறை மண்டபத்து வராந்தாவில் ஒரு அப்பா இதைச் சத்தமாகவே கேட்டார். ஜெயித்த சிறுவன் இரண்டடி தள்ளித் தண்ணீர் கேன் பக்கத்தில் டம்ளரோடு நின்றிருந்தான். அதுவரை சிரித்துக்கொண்டிருந்த முகம் அப்படியே சுருங்கிப்போனது. அந்த ஒரு வாக்கியம் இரண்டு பிள்ளைகளையும் ஒரே நேரத்தில் அடித்தது.

வேறு விளையாட்டுகளிலிருந்து பிள்ளைகளுக்கு யாரைக் காட்டலாம்?

2019 லார்ட்ஸ் கிரிக்கெட் உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் நியூசிலாந்து கேப்டன் கேன் வில்லியம்சன். இரண்டு அணியும் 241, சூப்பர் ஓவரிலும் இரண்டும் 15. அடித்த பவுண்டரிகளின் எண்ணிக்கையை வைத்துக் கோப்பையை இங்கிலாந்துக்குக் கொடுத்தார்கள். விதியை அவர் திட்டவில்லை. ஃபிடே, ஐசிசி என்று எந்த அமைப்பாக இருந்தாலும் விதிமேல் பழி போட இதைவிட நல்ல சந்தர்ப்பம் யாருக்கும் வாய்க்காது.

இன்னொருவர் விளையாட்டு வீரரே இல்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பாகிஸ்தானின் அர்ஷத் நதீம் ஈட்டியை 92.97 மீட்டர் எறிந்து தங்கம் வென்றார், நீரஜ் சோப்ரா 89.45 மீட்டரோடு வெள்ளி. ஊரில் நிருபர்கள் நீரஜின் அம்மாவிடம் கேட்டபோது, தங்கம் வாங்கியவனும் நம் பிள்ளைதான் என்றார். வராந்தாவில் காத்திருக்கும் அம்மாக்களிடம் நான் இந்தக் கதையைத்தான் முதலில் சொல்வேன்.

தோற்ற ஆட்டத்தை எப்போது திரும்பப் பார்க்க வேண்டும்?

அன்று வேண்டாம். தூங்கி எழுந்த பிறகு, முதலில் கம்ப்யூட்டர் இல்லாமல், முடிந்தால் ஜெயித்தவரோடு சேர்ந்தே உட்கார்ந்து பாருங்கள். எங்கே என்ன யோசித்தார் என்று அவரிடம் கேளுங்கள், பெரும்பாலும் சந்தோஷமாகவே சொல்வார்கள்.

2024 டொராண்டோ கேண்டிடேட்ஸில் ஏழாவது சுற்றில் அலிரேசா ஃபிரூஜாவிடம் நேர நெருக்கடியில் குகேஷ் தோற்றார். மிகவும் மனம் உடைந்து போனதாகப் பிறகு சொன்னார். மறுநாள் ஓய்வு நாள். இந்தப் போட்டியை என்னால் ஜெயிக்க முடியும் என்று முதன்முதலாகத் தோன்றியது எப்போது என்று கேட்டபோது, அவர் குறிப்பிட்டது ஏதோ ஒரு வெற்றியை அல்ல, அந்த ஓய்வு நாளைத்தான். அவர் போட்டியை ஜெயித்தார், சிங்கப்பூருக்குப் போக வழி அங்கேதான் திறந்தது.